பட்டாளத்துக்குக் கிளம்பும் மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்று உன் அம்மா போனில் அழுதாள். "சரவணனுக்கு என்ன ஆச்சுன்னு இந்த ஊருக்கே தெரியும். தெரிஞ்சும் என் புள்ளைய அனுப்பச் சொல்றியா?" என்று கேட்டாள். நான் பேசாமல் இருந்துவிட்டேன். பிள்ளையைப் பட்டாளத்துக்கு வழியனுப்பப் போகிறவளிடம் அந்த நேரத்தில் எதைச் சொன்னாலும் காதில் ஏறாது.

சொல்ல நினைத்ததை உனக்கு எழுதுகிறேன். திருச்சியில் வளர்ந்த உனக்கு மேஜர் சரவணன் என்றால் கன்டோன்மென்ட்டில் ஒரு சாலை, வெஸ்ட்ரி பள்ளிப் பக்கம் ஒரு நினைவிடம். ஆட்டோக்காரரிடம் இடம் சொல்ல உதவுகிற பெயர். உன் அம்மாவுக்கு அடிவயிற்றைக் கலக்குகிற பெயர். அவர் என்ன செய்தார் என்று கேட்டால் "கார்கில்ல செத்தாரு" என்பதோடு நம் ஊரில் பலரும் நிறுத்திக்கொள்கிறோம். அந்த வரி எனக்குப் போதவில்லை.

சரவணன் 1972 ஆகஸ்டில் ராமேஸ்வரத்தில் பிறந்தவர். அப்பாவும் ராணுவ அதிகாரி. பட்டாள வாழ்க்கை எப்படியிருக்கும் என்று வீட்டிலேயே பார்த்து வளர்ந்து, தெரிந்தேதான் அந்த வேலைக்குப் போனார். சேர்ந்தது பீகார் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன். நம் பக்கத்துப் பிள்ளைக்கு அது எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பார். அங்கே இருப்பவர்கள் பீகார், ஜார்கண்ட், ஒடிசா பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள், ஆதிவாசிக் குடும்பத்துப் பிள்ளைகள். தாக்குதலில் அவர்கள் எழுப்பும் முழக்கத்தில், வெள்ளையரை எதிர்த்த ஆதிவாசித் தலைவர் பிர்சா முண்டாவின் பெயர் வரும். அவர்களுக்குத் தலைமை ஏற்க வந்தவர் தமிழ்நாட்டுக்காரர். தாய்மொழி வேறு, சோறு வேறு. 'சாப்' (அதிகாரி ஐயா) முன்னால் போனால் பின்னாலேயே போகலாம் என்று அவர்கள் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையைத் தோளில் குத்திய நட்சத்திரம் வாங்கித் தராது. கூடவே ஓடி, கூடவே சாப்பிட்டு, ஆளாளுக்கு வீட்டு நிலவரம் கேட்டுத்தான் சம்பாதிக்க வேண்டும்.

1999 மே மாதம், பாகிஸ்தானோடு கார்கில் போர். பட்டாலிக் பகுதியில், சிந்து நதிப் பள்ளத்தாக்குக்கு மேலே, ஜூபர் மலைமுகட்டில் 4268 என்ற முனை. தனிப் பெயர் இல்லாத முனைகளுக்கு மீட்டரில் உள்ள உயரத்தையே ராணுவத்தில் பெயராக வைப்பார்கள். அடி கணக்கில் பதினாலாயிரம். அவ்வளவு உயரத்துக்குப் போக உடம்பைப் பழக்க ராணுவத்தில் ஒரு கணக்கு உண்டு. முதல் கட்டத்துக்கு ஆறு நாள், அடுத்ததற்கு நாலு நாள், அதற்கும் மேலே போனால் இன்னும் நாலு. பழகிய உடம்புக்கும் அங்கே பத்து அடி ஏறினால் மூச்சு வாங்கும். எதிரி மேலே பாறையோடு பாறையாகப் பங்கர் கட்டி உட்கார்ந்திருக்கிறான். ஏறி வருகிறவன் அவன் கண்ணுக்கு நேராக வருகிறான்.

29-ஆம் தேதி விடியற்காலை நான்கு மணிக்குத் தாக்குதல் தொடங்கியது. சரவணன் தானே ராக்கெட் லாஞ்சரை எடுத்து ஒரு பங்கரை அடித்தார். உள்ளே இருந்த இரண்டு பேர் இறந்தார்கள். அந்த ஆயுதத்தைச் சுடும்போது குழாயின் பின்பக்கம் நெருப்பும் புகையும் பீறிடும். சுட்ட இடம் சுற்றியிருக்கிற எல்லோருக்கும் தெரிந்துவிடும். இது தெரியாமல் ஒரு அதிகாரி அதைத் தோளில் வைப்பதில்லை. அவர் வயிற்றில் குண்டுச் சிதறல் பாய்ந்தது. அதோடும் முன்னேறி இன்னும் இரண்டு பேரை வீழ்த்தினார். பிறகு தலையில் குண்டு. வயது இருபத்தாறு.

அவரை உடனே கீழே கொண்டுவர முடியவில்லை, மாப்பிள்ளை. போனவர்கள்மேல் மேலிருந்து குண்டு பொழிந்தது. ஒரு மாதத்துக்கும் மேல் அந்த மலையிலேயே கிடந்தார். முந்தைய போர்களில் இறந்தவர்களுக்குப் பெரும்பாலும் களத்துக்குப் பக்கத்திலேயே கடைசிக் காரியம் முடிந்துவிடும், வீட்டுக்குத் தந்திதான் வரும். கார்கிலில்தான் மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டிகள் ஊர் ஊராக வந்தன. மற்ற ஊர்களுக்கெல்லாம் பெட்டி வந்துகொண்டிருந்தபோது திருச்சியில் ஒரு வீடு மட்டும் காத்துக்கொண்டிருந்தது. ஆள் இல்லை என்று தெரியும், ஆனால் கண்ணால் பார்க்கவில்லை. அம்மாவின் பயத்துக்கு எதிர்வாதம் பேச எனக்கு வாய் வராததற்கு அந்த ஒரு மாதம்தான் காரணம். ஜூலைத் தொடக்கத்தில், அதே பட்டாலியன் ஜூபரைப் பிடித்த நாட்களில்தான் அவர் கிடைத்தார். போர்க்கள வீரத்துக்கான வீர் சக்ரா விருதை அரசு கொடுத்தது.

அதே தாக்குதலில் உயிர்விட்டு அதே வீர் சக்ரா பெற்ற இன்னொருவர் நாயக் கணேஷ் பிரசாத் யாதவ், பீகார்க்காரர். நம் ஊரில் சரவணனைப் பற்றிப் பேசும்போது இந்தப் பெயர் வருவதேயில்லை. அங்கே அவர் ஊரில் சரவணன் பெயர் வருமா, தெரியவில்லை. ஒரே மலைச்சரிவில் ஒரே காலையில் முடிந்த இரண்டு உயிர்களை நாம் மாநிலவாரியாகப் பிரித்து அழுகிறோம். எனக்கு இது பொறுக்கவில்லை.

செங்கம் பக்கத்து நடுகற்களைப் பார்த்திருக்கிறாயா? எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, இறந்தவன் யாருடைய சேவகன், எந்த மாட்டு மந்தையை மீட்கும்போது விழுந்தான் என்று பல கற்களில் வெட்டியிருக்கும். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் ஒரு தொறு, அதாவது மாட்டு மந்தை, மீட்டவனுக்குக் கிடைத்த அந்த விவரமாவது நம் காலத்து ஆளுக்குக் கிடைக்க வேண்டாமா? அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அம்மாவிடம் வாக்குவாதம் செய்யாதே. அவள் பயத்தில் தப்பே இல்லை. "எனக்கு ஒன்றும் ஆகாது" என்று பொய்ச் சத்தியமும் செய்யாதே, அவள் நம்பமாட்டாள். பரங்கிமலையில் அதிகாரிப் பயிற்சியில் இருக்கும் காலத்திலேயே இந்தியை ஒழுங்காகப் படி. கட்டளை போடுகிற இந்தி சீக்கிரம் வந்துவிடும். ஒருவனின் தங்கை கல்யாணக் கடனைப் பற்றி உட்கார்ந்து பேசுகிற இந்தி வர நாளாகும். உன்னிடம் வரும் ஆட்களின் ஊர், வீட்டில் யார் யார், எல்லாம் ஒரு நோட்டில் எழுதிவை. என்றாவது அவர்களில் ஒருவனுக்கு ஏதாவது நேர்ந்தால், அவன் அம்மாவுக்குக் கடிதம் எழுத வேண்டியவன் நீதான்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். அக்காவிடம் நானும் பேசுகிறேன், நீயும் கூட இரு.

அன்புடன்,
மாமா