நகைச்சுவைத் தொகுப்பு போடும் பதிப்பாளர்களுக்கு

வணக்கம்.

குட்டிக் கட்டுரைத் தொகுப்புக்கு ஒரு வசதி உண்டு. எங்கே பிரித்தும் படிக்கலாம். ஒன்று எடுபடாவிட்டால் நாலு பக்கம் தள்ளி அடுத்தது காத்திருக்கும். எழுதுகிறவரும் ஒரு யோசனையை அது தாங்கும் தூரம்வரை ஓட்டிவிட்டு இறங்கிக்கொள்ளலாம்.

வாரத்துக்கு ஒன்றாக வந்தவற்றை வாசகர் ஒரே மாலையில் பத்துப் படிக்கும்போதுதான் சிக்கல். தனியாக வந்தபோது உறுத்தாத 'என் மனைவி இருக்கிறாளே...' ஐந்தாவது முறை கொட்டாவி வரவழைக்கும். அச்சுக்குப் போகுமுன் எல்லாக் கட்டுரைகளின் முதல் வரியையும் கடைசி வரியையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். ஒரே வார்ப்பில் வந்தவை மாட்டிக்கொள்ளும். அவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுங்கள்.

கழித்ததைத் திரும்பக் கொண்டுவருவது ஃபாரக் கணக்கு, அதாவது ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டு மடிக்கும் பக்கக் கட்டுகளின் கணக்கு. 750 சொல் கட்டுரை, பக்கத்துக்கு 220 சொல் என்றால் மூன்றரைப் பக்கம் வரும். அடுத்ததைப் புதுப் பக்கத்தில் தொடங்குவதால் நான்கு. 40 கட்டுரைக்கு 160 பக்கம், 16 பக்க ஃபாரத்தில் சரியாகப் பத்து. தலைப்பு, பொருளடக்கம், முன்னுரை என்று 8 பக்கம் சேர்ந்தால் 168. பதினோராவது ஃபாரத்தில் 8 பக்கம் காலி! உடனே, வேண்டாமென்று ஒதுக்கிய இரண்டு கட்டுரைகள் பின்வாசலில் நுழைந்துவிடும். கூட்டாதீர்கள், குறையுங்கள். 38 கட்டுரை பத்து ஃபாரத்தில் அடங்கும். 26 என்றால் ஏழு ஃபாரம். எங்களைக் கேட்டால் இதுவே போதும்.

அன்றைய செய்தியை நம்பிய கட்டுரைக்கு அடிக்குறிப்பு தேவைப்பட்டால் எடுத்துவிடுங்கள். விளக்கிய பிறகு யாரும் சிரிப்பதில்லை.

முடிவு வரியில் கைவைக்கத் தயங்காதீர்கள். 'மறதிக்கு மருந்து வாங்க வந்தவர், காசைக் கொடுத்துவிட்டு மருந்தைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போனார்.' இங்கே நிறுத்த வேண்டும். 'மறதி அவரை அங்கும் விடவில்லை' என்று இன்னொரு வரி வந்தால் சிரிப்பு அடங்கிப்போகும். 'மறந்த மருந்து' என்ற தலைப்பும் அதே கெடுதலைத் தொடக்கத்திலேயே செய்யும். கேட்பாரற்றுக் கிடக்கும் பொட்டலத்தை முதல் பக்கத்தில் படமாகப் போட்டால் கேட்கவே வேண்டாம். அந்தக் கடைசி வரி எதிர்ப்பக்கத்தில் கண்ணில் படாமல், தாளைத் திருப்பியபின் வந்தால் இன்னும் நன்று.

வரிசையில் ஆகச் சிறந்தது முதலில், அடுத்த சிறந்தது கடைசியில். நீளமானதை அடுத்து ஒரு பக்கத் துணுக்கு, உரையாடலை அடுத்துப் போலி அறிவிப்பு என்று வடிவத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்.

அப்புறம், 'விழுந்து விழுந்து சிரிப்பீர்கள்' என்று நண்பர் எழுதித் தரும் அணிந்துரையை அன்போடு திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
மெய்ப்புத் தாள்களோடு மல்லுக்கட்டும் சில தொகுப்பாளர்கள்