எந்த நியாயம், மச்சான்?

திருகோணமலை

அன்பு மச்சான்,

உன் கடிதமும், பேப்பருக்கென்று நீ எழுதிய கட்டுரையும் சனிக்கிழமை வந்தன. கால் வீக்கம் வற்றிவிட்டதென்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே வாடைக்காற்று தொடங்கிவிட்டது. டச்பேயில் வள்ளங்களைக் கரையேற்றிவிட்டார்கள்.

சரி, உன் கட்டுரைக்கு வருகிறேன். பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டக் கோட்டாவை எடுத்துவிட்டுப் புள்ளியை மட்டும் பார்ப்பதே நியாயம் என்கிறாய். நல்ல தமிழ், நல்ல கோபம். 'நியாயம்' ஏழு இடத்தில் வருகிறது. எந்த நியாயம் என்று ஓரிடத்திலும் இல்லை.

1971 நினைவிருக்கிறதா? மருத்துவம் படிக்க அனுமதி கிடைக்கத் தமிழ் மொழிமூலப் பிள்ளைக்கு 250 புள்ளி தேவை, சிங்கள மொழிமூலத்துக்கு 229 போதும். புள்ளிதான் அளவு என்று நம் பெரியவர்கள் கொதித்தார்கள். சரியான கொதிப்பு. அங்கே மொழியைப் பார்த்துப் பிரித்தார்கள். இன்றுள்ளது வேறு: பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் நாடு முழுவதற்குமான தகுதிப்படி, 55 வீதம் மாவட்டப்படி, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்த 16இல் எங்கள் திருகோணமலையும் உண்டு, உன் யாழ்ப்பாணமும் உண்டு. அதை நீ எழுதவேயில்லை.

என்னிடம் பௌதிகம் படிக்க எங்கள் மாவட்டத்து மூதூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி வருகிறாள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் ஒன்றரை வருடமாகப் பௌதிகத்துக்கு ஆசிரியர் இல்லை. கிண்ணியாப் பாலம் தாண்டி பஸ்ஸில் வரும்போது மடியில் பை, பையின்மேல் கொப்பி வைத்துக் கணக்குச் செய்வாள். ரோட்டுக் குழி ஒவ்வொன்றும் அவள் எழுத்தில் தெரியும். அந்தக் கொப்பியைப் பார்த்த எனக்கு, புள்ளி மட்டும்தான் திறமை என்று சொல்ல ஏலாது.

ஆனால் உன் பக்கமும் ஒரு உண்மை இருக்கிறது. இங்கே திருகோணமலை நகரத்தில் பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்கும் டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கும் அவளுக்கும், ஒரே மாவட்டம் என்பதால், அனுமதிக்கு ஒரே வெட்டுப்புள்ளிதான். மாவட்டம் ஒரு முரட்டு அளவு. கோட்டாவை அடியோடு எடுக்கச் சொல்லாமல், இந்த இடத்தைப் பிடித்து எழுது. உன் வாதத்தில் பலமான இடம் அதுதான்.

மகளுக்கு மாசியில் பிள்ளை பிறக்கும் என்று எழுதியிருந்தாய். அந்தக் குழந்தை கொழும்பில் வளருமா, மூதூரில் வளருமா என்று தெரியாதவனாக இருந்து அந்த விதியை ஒருதரம் எழுதிப் பார். திருத்தினால், பேப்பருக்குக் கொடுக்க முதல் எனக்கு அனுப்பு. அந்த மூதூர்ப் பிள்ளைக்கும் வாசித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உன் சிநேகிதன்