எஸ். என். லட்சுமி அம்மாவை முன்வைத்து நடிகர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தென்னிந்திய நடிகர் சங்கத்தின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் உங்கள் துறையைச் சேர்ந்தவன் இல்லை, தமிழ்ப் படங்களைப் பார்த்து வளர்ந்த ஒரு ரசிகன். மறைந்த ஒரு நடிகையைப் பற்றி மனம் விட்டுப் பேச வேண்டும், அதை ஒட்டி உங்களிடம் ஒரு வேண்டுகோளும் வைக்க வேண்டும். அதற்காகவே இந்த மடல்.

எஸ். என். லட்சுமி என்று பெயர் சொன்னால் இன்றைய இளைஞர்கள் பலருக்குச் சட்டென்று பிடிபடாது. ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தில் வரும் திருட்டுப் பாட்டி என்றால் அடுத்த நொடியே முகம் மலர்ந்துவிடும். முகம் தெரிகிறது, பெயர் தெரியவில்லை. குணச்சித்திர நடிகைகளுக்கு நம் நாட்டில் வாய்த்த புகழ் பெரும்பாலும் இப்படிப்பட்டதுதான்.

அவர் 1927இல் விருதுநகர்ப் பக்கம் சென்னல்குடியில் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே நாடகத்துக்கு வந்துவிட்டார். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் நாடகக் குழுவில் நடித்தார். 1948இல் வந்த ‘சந்திரலேகா’வின் புகழ்பெற்ற முரசு நடனத்தில் ஆடிய பெரும் கூட்டத்தில் அவரும் ஒருத்தி. அங்கே தொடங்கி, 2012 பிப்ரவரி 20 அன்று மறையும் வரை, மேடை, சினிமா, சின்னத்திரை என்று ஓய்வில்லாமல் உழைத்தார்.

அவருடைய நடிப்பில் எனக்கு எல்லாவற்றிலும் மேலாகத் தோன்றுவது 1964இல் வந்த ‘சர்வர் சுந்தரம்’. நாகேஷின் தாயாக வருவார். நாகேஷ் பிறந்தது 1933இல். அதாவது மகனைவிட ஆறு வயதுதான் பெரியவர் அந்தத் தாய்! படம் பார்க்கும் யாருக்காவது இந்தக் கணக்கு நினைவுக்கு வருமா? நரை முடியையும் சுருக்கத்தையும் மேக்கப்காரர் வைத்துவிடலாம். பிள்ளை முன்னேறியதில் பூரிப்பு, அவன் தன்னை விட்டு விலகிப் போகிறானோ என்கிற மெல்லிய அச்சம், இரண்டையும் ஒரே பார்வையில் கொண்டுவர எந்த மேக்கப்பாலும் முடியாது. நடிகனாகி உச்சத்துக்குப் போன மகன் படப்பிடிப்பில் இருக்கிறான். அவன் வந்து சேர்வதற்குள் அம்மா போய்விடுகிறாள். அந்த இடத்தில் நாகேஷின் அழுகை நம்மை உலுக்குகிறது என்றால், அதற்கு முந்தைய காட்சிகளில் லட்சுமி அம்மா சேர்த்துவைத்த பாசம்தான் காரணம். நாயகனின் கண்ணீருக்கு நாம் கைதட்டுகிறோம். அந்தக் கண்ணீருக்குப் பொருள் கொடுத்தவருக்கும் அதில் பங்கு உண்டு.

இந்தத் திறமை மேடையில் விளைந்தது என்றே நம்புகிறேன். நாடகக் கம்பெனியில் தன் பாடத்தை மட்டும் நெட்டுருப் போட்டால் போதாது, எதிரில் நிற்பவரின் பாடமும் மனப்பாடமாக வேண்டும். எதிராளி ஒரு வரியை விட்டுவிட்டால் கூட்டத்துக்குத் தெரியாமல் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு, தான் பேசாத நேரத்திலும் காட்சிக்குள்ளேயே இருந்தாக வேண்டும். லட்சுமி அம்மாவின் எந்தப் படத்தையும் போட்டு, அவருக்கு வசனம் இல்லாத இடங்களை மட்டும் பாருங்கள். அடுத்து எப்போது பேசலாம் என்று காத்திருக்கும் முகம் ஒருபோதும் தென்படாது. கேட்டுக்கொண்டிருப்பார். கேட்கிற விஷயத்துக்கு ஏற்பத் தோள் தளரும், கை முந்தானையைத் தேடும். கூத்துக்கும் சபாவுக்கும் பழகிய குரலை மைக்கின் முன்னால் அடக்கி வாசிக்கக் கற்றுக்கொண்டதும் சாதாரண விஷயமில்லை. மேடையிலிருந்து வந்தவர்களில் பெரிய பெயர் வாங்கிய சிலருக்கே அது கடைசிவரை கைகூடவில்லை.

1990இல் வந்த ‘மைக்கேல் மதன காமராஜ’னில் ஊர்வசியின் பாட்டி. கைக்கு அகப்பட்டதை எல்லாம் சுருட்டுவாள், முகத்திலோ குற்றவுணர்வின் நிழல்கூட இருக்காது. சிரிக்க வைக்க வேண்டும் என்று அவர் எங்கேயும் முயலவில்லை, திருடுவது அந்தப் பாட்டிக்கு இயல்பு என்று முழுமையாக நம்பி நடித்தார். நமக்குச் சிரிப்பு வருவது அதனால்தான். நான்கே ஆண்டு கழித்து ‘மகாநதி’. தாயில்லாத பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு, மருமகன் சிறைக்குப் போனபின் நிர்க்கதியாய் நிற்கும் மாமியார். நம்மைச் சிரிக்க வைத்த பாட்டியின் சாயல் ஓரிடத்திலும் கிடையாது. பிறகு 2004இல் ‘விருமாண்டி’யின் அப்பத்தா. எழுபதைத் தாண்டிய வயதில், தான் பிறந்த மண்ணுக்குப் பக்கத்து மண்ணின் பேச்சை அவர் பேசும்போது அதில் நடிப்பு எது, நினைவு எது என்று பிரிக்கவே முடியவில்லை. இந்த மூன்று படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் போதும், ‘பாட்டி வேஷம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவைக்கிற நம் பழக்கம் எவ்வளவு அநியாயமானது என்று புரிந்துவிடும்.

அவர் ஒருவருக்காக மட்டும் இதை எழுதவில்லை. 1952இல் ‘பராசக்தி’யில் சிவாஜிக்கு ஜோடியாக வந்த பண்டரிபாய், 1968இல் ‘குடியிருந்த கோயி’லில் எம்.ஜி.ஆருக்கு அம்மா. எம்.ஜி.ஆர். அவரைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். 1992இல் ‘மன்ன’னில் ரஜினிக்கும் அம்மா. நாயகர்களுக்கு வயது ஏறவே இல்லை, நாயகியோ அம்மாவாகிவிட்டார். ஆனாலும் அந்த வேடங்களை அவர் ஏனோதானோவென்று செய்யவில்லை. 1977இல் ‘16 வயதினிலே’ படத்தின் குருவம்மாள், காந்திமதி. வாயைத் திறந்தால் ஊரே ஒதுங்கும், அதே வாய் மகளுக்காக நடுங்கும்போது நம் வயிறு கலங்கும். அப்போது அவர் முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தார். 2011 செப்டம்பரில் காந்திமதி, ஐந்து மாதம் கழித்து லட்சுமி அம்மா, 2015 அக்டோபரில் மனோரமா ஆச்சி என்று அந்தத் தலைமுறை நம் கண்முன்னே விடைபெற்றுக்கொண்டது.

தேசியத் திரைப்பட விருதுகளில் துணை நடிகைக்கென்று ஒரு பிரிவு வந்ததே 1984ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். ஆச்சிக்கு அது ‘புதிய பாதை’க்காகக் கிடைத்தது. ‘சர்வர் சுந்தர’த்தின் தாய்க்கும் குருவம்மாளுக்கும் பரிசு கொடுக்க நினைத்தாலும் கொடுப்பதற்கு அன்று ஒரு பிரிவே இல்லை. போனதைத் திருத்த முடியாது. கைக்கு எட்டுவதையாவது செய்யலாம் அல்லவா?

நான் கேட்பது இதைத்தான். நாடக மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்த மூத்த நடிகைகளில் இன்றும் நம்மோடு இருப்பவர்களை உட்காரவைத்து, அவர்களுடைய கதையை முழுமையாகப் பதிவு செய்யுங்கள். விழா மேடையில் பொன்னாடை போர்த்தி, மூன்று நிமிடம் பேசச் சொல்லி அனுப்புவது போதவே போதாது. எந்தக் கம்பெனியில் சேர்ந்தார்கள், எந்த வாத்தியார் பாடம் சொல்லிக்கொடுத்தார், மாதச் சம்பளம் என்ன, மழைக்கொட்டகையில் எப்படி ஆடினார்கள், முதல்முறை கேமரா முன்னால் நின்றபோது எதை மறக்க வேண்டியிருந்தது என்று நிதானமாகக் கேளுங்கள். அந்நாளைய நாடகக் காட்சி ஒன்றைப் பேசிக் காட்டவும் சொல்லுங்கள். வசன உச்சரிப்பும் மூச்சு பிடிக்கும் முறையும் எந்தப் புத்தகத்திலும் இல்லை, அந்தத் தொண்டைகளில் மட்டும்தான் இருக்கின்றன.

இதற்குப் பெரும் பணம் தேவைப்படாது. தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, அதன் மாணவர்கள் படம்பிடிக்கலாம். அதே தரமணியில் பழைய நாடக நோட்டீஸ்களைப் பாதுகாத்து வரும் ரோஜா முத்தையா நூலகமும் இருக்கிறது. அந்த நோட்டீஸ்களைக் கையில் கொடுத்துப் பேசவைத்தால், மறந்துபோன பெயர்கள்கூட நினைவுக்கு வரும். உங்களிடம் ஆள்பலமும் மரியாதையும் இருக்கின்றன. ஒரு மூத்த கலைஞரின் வீட்டுக் கதவை நீங்கள் தட்டினால் திறப்பார்கள்.

மறைந்தவர்களுக்கும் ஒரு காரியம் உண்டு. பழைய படங்கள் புதுப் பிரிண்ட்டாகவும் ஓடிடியிலும் வருகிற இந்த நேரத்தில், நடிகர் பட்டியலில் நாயகன், நாயகி, வில்லன், நகைச்சுவையாளர் என்று நான்கு பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எந்த வேடத்தில் யார் என்ற விவரத்தோடு முழுப் பட்டியலும் இடம்பெற வேண்டும் என்று உரிமையாளர்களிடம் சங்கமே எழுத்துமூலம் கேட்கலாம். தலைமுறைகள் தாண்டிய ஒரு சங்கத்தின் கடிதத்தை யாரும் தள்ளிவிட மாட்டார்கள்.

உங்களில் எழுதுபவர்களும் இயக்குபவர்களும் உண்டு. அவர்களிடம் தனியாக ஒரு சொல். அம்மாவைச் சுவரில் மாலை போட்ட படமாக மாட்டிவிட்டுக் கதையைத் தொடங்குவது இப்போது அதிகமாகிவிட்டது. அறுபது வயதுப் பெண்ணுக்கும் கோபம், ஆசை, தந்திரம், கடன் எல்லாம் இருக்கும். அவற்றை எழுதினால் நடிக்க ஆள் இருக்கிறார்கள்.

பதிவு வேலையை 75 வயது தாண்டியவர்களிடமிருந்து தொடங்குங்கள். பெயர்கள் உங்கள் உறுப்பினர் பதிவேட்டிலேயே இருக்கும். இந்த ஆண்டே தொடங்கினால் நல்லது.

மிகுந்த மரியாதையுடன்,
ஒரு தமிழ் ரசிகன்