கொலுப் பொம்மையின் முகமும் படத்தில் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நவராத்திரிதோறும் தங்கள் நாளிதழில் வெளிவரும் வாசகர் வீட்டுக் கொலுப் படங்களை ஒன்று விடாமல் பார்ப்பவன் நான். ஒன்பது படிகளும் ஒரே படத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் பொம்மைத் தொழிலுக்குப் பேர்போன விளாச்சேரியிலோ பண்ருட்டியிலோ ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு தீட்டிய புருவம் ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லை. ஆகவே, முழுக் கொலுவுடன் ஒரே ஒரு பொம்மையை அருகில் காட்டும் படத்தையும் அனுப்புமாறு இவ்வாண்டு வாசகர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டு மளிகைக் கடைச் செட்டியாரைப் படமெடுத்தேன். மூன்று அங்குல உயரமே உள்ள பொம்மை அது. வார்னிஷ் பூசிய நெற்றியில் ஃபிளாஷ் பட்டு, திருநீற்றுப் பட்டை மூன்றும் ஒரே வெள்ளைத் திட்டாகிவிட்டன. ஃபிளாஷை அணைத்துவிட்டு, பொம்மையை வடக்குச் சன்னலோரம் வைத்து, மறுபக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தி எடுத்தபோது, பட்டைகள் தனித்தனியே தெரிந்ததோடு, மீசை நுனியில் தூரிகை சற்றே வழுக்கிய இடமும் தெரிந்தது. பெங்களூரில் நவராத்திரிச் சமயத்தில் அடிக்கடி வானம் மூடிக்கொள்வதைப் பலரும் குறையாகச் சொல்வார்கள். படமெடுப்பவருக்கு அது வரம், ஏனெனில் வெளிச்சம் பரந்து வரும்போது பளபளப்பும் அடர்ந்த நிழலும் குறைந்துவிடுகின்றன. அரக்குப் பூச்சால் மின்னும் சன்னபட்ணா மரப் பொம்மைகளுக்கு இது இன்னும் அவசியம். இரவில் எடுப்பவர்கள் ஒரே வகை எல்.இ.டி. மேசை விளக்குகள் இரண்டை, முன்னால் டிரேசிங் தாள் பிடித்து, இருபுறமும் வைக்கலாம். சீரியல் விளக்குகளை மட்டும் கட்டாயம் அணைத்துவிட வேண்டும். பல நிற வெளிச்சம் கலந்தபின் பொம்மையின் உண்மையான வண்ணத்தை மீட்பது கடினம்.

பொம்மை சிறியது என்பதால் கைப்பேசியை மூக்கருகே கொண்டுபோகிறோம். அவ்வளவு நெருக்கத்தில் கூர்மையாகத் தெரியும் ஆழம் சில மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுவதால், மூக்கு தெளிந்தால் காது மங்கிவிடும். சற்றுப் பின்வாங்கி, இரு மடங்கு பெரிதாக்கி எடுத்து, வேண்டாத ஓரங்களைப் பிறகு வெட்டிவிடுவதே நல்லது. தனிக் கேமரா உள்ளவர்கள் அதை ஸ்டாண்டில் பொருத்தி, கூர்மையின் ஆழம் கூடும்படி லென்ஸ் துளையை எஃப் 8 முதல் எஃப் 11 வரை சுருக்கி, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வை 100இல் வைத்து, 2 விநாடி டைமரில் எடுக்கலாம். எதில் எடுத்தாலும் லென்ஸ் பொம்மையின் கண் மட்டத்துக்கு இறங்க வேண்டும்.

படியில் விரித்த வெள்ளை வேட்டியைக் கண்டதும் கேமரா வெளிச்சம் அதிகமென்று கருதிப் படத்தையே இருட்டாக்கிவிடும். கேமராவிலேயே வெளிச்ச அளவைச் சிறிது கூட்டினால் முகம் திரும்பி வரும்.

அருகுப் படத்தின் கீழே பொம்மை எந்த ஊரில் செய்யப்பட்டது என்பதையும் குறிப்பிட்டு, அதை இரண்டு பத்தி அகலத்துக்காவது அச்சிடுங்கள். தபால்தலை அளவில் வெளியிட்டால் அந்தப் புருவம் மறுபடியும் மறைந்துவிடும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மல்லேஸ்வரம், பெங்களூரு.