மெர்சிக்கு, நான்கு மாதம் தாமதமாக

கோஸ்டா மேசா, கலிஃபோர்னியா
ஏப்ரல் 19

அன்புள்ள மெர்சி,

டிசம்பரில் நீ அனுப்பிய குரல் செய்தியைப் பல தடவை கேட்டுவிட்டேன். பதில் மட்டும் போடவில்லை. நீ கோபமாக இருப்பது தெரியும், ஷீலாவும் சொன்னாள். திட்டுவதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனில் திட்டிக்கொள், இப்போது இதைப் படி. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். பையன் உயரத்தில் என்னைத் தாண்டிவிட்டான். ஷீலா மகள் கல்யாணத்துக்கு என்னால் வர முடியாது. என் பங்குக்கும் சேர்த்துப் புடவை நீதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். பச்சை மட்டும் வேண்டாம், ஏனென்று உனக்கே தெரியும்.

பதில் போடாததற்குக் காரணம் என் வலது காது.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை கராஜில் ஒத்திகை. மழை என்று கதவை இறக்கிவிட்டோம். மூன்று மணி நேரம், எனக்கு வலது பக்கம் சிம்பல், முதுகுக்குப் பின்னால் கிட்டார் ஆம்ப்ளிஃபயர், அதான் ஆம்ப். வீட்டுக்கு வந்து படுத்தபோது காதுக்குள் 'ஙீ' என்று ஒரு சத்தம். தூங்கி எழுந்தால் போய்விடும் என்று நினைத்தேன். இன்று வரை போகவில்லை. இதை எழுதும்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறது. பரிசோதனை செய்த டாக்டர் வரைபடத்தைக் காட்டினார். கோடு நேராக வந்து 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் குழியில் இறங்குவது போல இறங்குகிறது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள் என்றார். மூன்று வாரம் கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

சரி, அது கிடக்கட்டும். பிப்ரவரியில் ஒரு ராத்திரி சின்ன ஆம்பைப் படுக்கையறைக்குக் கொண்டுவந்து, அடுத்த அறையில் ரேடியோ பாடுகிற அளவுக்கு மட்டும் சத்தம் வைத்து உட்கார்ந்தேன். நாங்கள் வாசிக்கிற சர்ஃப், அதாவது அறுபதுகளின் கலிஃபோர்னியக் கடற்கரை கிட்டார் இசையின் வேகமான மெட்டுகள், அந்தச் சத்தத்தில் நிற்கவில்லை. மெதுவாக, ஏ மைனர் ஒன்றைப் பிடித்து அடித்து அப்படியே விட்டேன். எதிரொலி சேர்க்கிற ஸ்ப்ரிங் ரிவர்ப் இருந்தது. பிறகு ட்ரெமலோ பெடலை மிதித்தேன். மெர்சி, இத்தனை வருடம் அந்தப் பெடல் என் காலடியில்தான் கிடந்தது. அன்றைக்குத்தான் அது என்ன செய்கிறது என்று கேட்டேன்.

உடனே உன் செய்தி ஞாபகம் வந்தது. "மிதிச்சா சத்தம் குறையுது, கிட்டார் உள்ளே போயிடுது, வித்துடப் போறேன்." விற்காதே. உன் பெடல் நன்றாகத்தான் இருக்கிறது. சொல்கிறேன் கேள்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கிட்டாரில்தான் கையால் அழுத்துகிற ட்ரெமலோ கம்பி இருக்கிறதே, பெடல் எதற்கு என்று கேட்டிருந்தாய். அந்தக் கம்பி மாற்றுவது சுருதியை. அதற்குச் சரியான பெயர் வைப்ரேட்டோ. ட்ரெமலோ என்பது சத்தம் மட்டும் கூடிக் குறைவது. சுருதி அசையவே கூடாது. கிட்டாரும் ஆம்பும் செய்த லியோ ஃபெண்டர் 1954இல் தன் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் கம்பிக்கு ட்ரெமலோ என்று பெயர் வைத்தார். பிறகு தன் ஆம்ப்களில் சத்தத்தை அசைக்கிற சுற்றுக்கு வைப்ரேட்டோ என்று எழுதினார். இரண்டும் இடம் மாறிப்போய், இன்றைக்கு வரை அப்படியே நிற்கிறது. ஹாஸ்டலில் நீ மேசை விசிறிக்கு முன்னால் முகத்தை வைத்துக்கொண்டு வார்டன் குரலில் பேசுவாயே, ட்ரெமலோ கிட்டத்தட்ட அதுதான்.

மூன்றாவதாக ட்ரெமலோ பிக்கிங் என்று ஒன்று இருக்கிறது. ஒரே தந்தியை மேலும் கீழும் விடாமல் அடிப்பது. 1962இல் சர்ஃப் கிட்டார் கலைஞர் டிக் டேல் வாசித்த 'மிசிர்லூ'வில் கேட்கிற அதிர்வு முழுக்க அவர் கையிலிருந்து வருவது, பெடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீ அந்த மாதிரி மெட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு பெடலையும் மிதித்திருக்கிறாய். அங்கேதான் தப்பு.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 160 தாளத்தில் ஒரு தட்டுக்கு நான்கு அடி என்றால் நொடிக்குப் பத்துக்கும் மேல் அடிக்கிறாய். பெடலை நொடிக்கு ஐந்து துடிப்புக்கு வைத்தால், ஒரு அடி மேட்டில் விழும், அடுத்தது பள்ளத்தில் விழும். ஒன்று விட்டு ஒன்றைப் பெடல் தின்றுவிடும். கை சரியாகத்தான் அடிக்கிறது, கேட்பவருக்குத் தடுமாறுவது போல இருக்கும். அதுவும் பெடலுக்கு உன் கை எப்போது அடித்தது என்று தெரியாது. அது தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. உன் முதல் அடியே பள்ளத்தில் விழலாம். அதனால் வேகமான இடத்தில் பெடலை அணைத்துவிடு. நீளமான ஸ்வரம், பிடித்து விட்ட கார்டு, பாட்டின் நடுவில் எல்லோரும் அடங்குகிற இடம், இதற்குத்தான் ட்ரெமலோ.

சத்தம் குறைகிற விஷயம் உன் கற்பனை இல்லை. பாதி நேரம் ஒலியை இறக்கினால் சராசரியும் இறங்கத்தானே செய்யும்? நீ எந்தத் திருகைக் கண்டாலும் கடைசி வரைக்கும் திருப்புகிற ஆள். ஜெனரேட்டர் ராத்திரியை நான் மறக்கவில்லை. ஒலி எவ்வளவு இறங்க வேண்டும் என்று சொல்கிற டெப்த்தை முழுதும் வைத்திருப்பாய், சத்தியம் செய்வேன். அதைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிறுத்து. வேவ் என்றிருக்கும் திருகை முழுக்க இடது பக்கம் கொண்டுபோ. அங்கேதான் ஒலி வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கும். வலது கோடியில் சுவிட்சைப் போட்டு அணைப்பது போல 'டக் டக்' என்று வெட்டும், நமக்கு வேண்டாம். துடிப்பின் வேகத்தை மாற்றுகிற ரேட்டைத் தாளத்தோடு பார்த்து வை. நீ வாசிக்கிற மெதுவான பாட்டு நிமிடத்துக்கு 96 என்று வைத்துக்கொள். ஒரு தட்டுக்கு மூன்று துடிப்பு வந்தால் நொடிக்கு ஐந்துக்குச் சற்றுக் குறைவு. காலால் தாளம் போட்டபடி ஒரே கார்டைப் பிடித்துக்கொண்டு, துடிப்பு மூன்று மூன்றாக விழுகிற வரை திருகை மயிரிழை மயிரிழையாக நகர்த்து. இதற்குப் பத்து நிமிடம் ஆனாலும் பொறுமையாகச் செய். கிட்டத்தட்டச் சரி என்று விட்டுவிட்டால் நாலு வரிக்குள் டிரம்மும் துடிப்பும் ஆளுக்கொரு பக்கம் போய்விடும்.

அப்புறம் வரிசை. இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். கிட்டார், ரிவர்ப், கடைசியில் ட்ரெமலோ. நீ ட்ரெமலோவை முன்னால் வைத்திருக்கிறாய். அது ஒலியை இறக்கும்போதெல்லாம் பின்னால் இருக்கிற ரிவர்பின் எதிரொலி ஓடிவந்து அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடுகிறது. கடைசியில் துடிப்பும் இல்லை, தெளிவும் இல்லை. திருப்பி வைத்தால் எதிரொலியும் சேர்ந்து துடிக்கும். கார்டு ஓய்ந்த பிறகும் ரிவர்பின் வால் மட்டும் துடித்துத் துடித்துத் தேய்ந்து போகும். அந்த இடத்துக்காகத்தான் நான் இவ்வளவு எழுதுகிறேன்.

இது என் கண்டுபிடிப்பில்லை. 1961இல் ஃபெண்டர் தனிப் பெட்டியாக விட்ட ஸ்ப்ரிங் ரிவர்பில் ட்வெல், மிக்ஸர், டோன் என்று மூன்றே திருகு. கிட்டாரை அதில் செருகி, அதிலிருந்து ஆம்புக்குப் போவார்கள். ட்ரெமலோ ஆம்புக்குள் இருந்தது, ஆகவே தானாகவே பின்னால் வந்துவிட்டது. பிறகு ரிவர்பையும் ஆம்புக்குள்ளேயே வைத்தபோதும் அந்த வரிசை மாறவில்லை. உங்கள் சர்ச்சில் மிக்சரில் ரிவர்ப் போடுகிறார்கள் இல்லையா, அது கடைசியில் வந்து எல்லாவற்றையும் கலக்கிவிடும். கிட்டார் சேனலுக்கு மட்டும் அதைக் குறைக்கச் சொல். ஜெபராஜ் அண்ணன் முனகுவார். முனகட்டும்.

போன மாதம் என் ஆம்பைச் சுத்தம் பண்ணக் கொடுத்தேன். பழுது பார்ப்பவர் அந்தக் காலத்து ட்ரெமலோவின் பழைய உதிரி ஒன்றைப் பிரித்துக் காட்டினார். சுண்டு விரல் பருமன்கூட இல்லாத கறுப்புக் குழாய். அதற்குள் ஒரு பக்கம் சின்ன நியான் பல்பு, எதிர்ப் பக்கம் வெளிச்சம் பட்டால் மின்தடை குறைகிற ஒரு வில்லை. உங்கள் வீட்டு டெஸ்டரை பிளக்கில் வைத்தால் ஆரஞ்சாக மின்னுமே, அதே வகை பல்பு. பல்பு மின்னும்போதெல்லாம் கிட்டார் ஒலியில் ஒரு பங்கு அந்த வில்லை வழியாகத் தரைக்கு வடிந்துவிடுகிறது. வில்லைக்கு வெளிச்சம் பட்டதும் சட்டென்று உறைக்கும், இருட்டுக்குத் திரும்பக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதனால்தான் அந்தத் துடிப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து கேட்கிறது. அறுபது வருடத்துக்கு முந்தைய அந்தப் பொருளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாவம் மனிதர், கடை மூடும் நேரம் தாண்டியும் காத்திருந்தார்.

ட்ரெமலோ எல்லாம் ஒன்றில்லை என்று அப்போதுதான் புரிந்தது. பல்பு வைத்தது ஒன்று. பவர் வால்வின் பயஸ் என்கிற மின்னழுத்தத்தையே அசைப்பது இன்னொன்று, அது இன்னும் மெத்தென்று இருக்கும். 1960களின் தொடக்கத்தில் வந்த பழுப்பு நிற ஃபெண்டர் ஆம்ப்களில் பெரியவற்றில் மூன்றாவது வகை இருந்தது, ஹார்மானிக் ட்ரெமலோ என்பார்கள். ஒலியைக் கீழ்ப் பாதி, மேல் பாதி என்று பிரித்து, ஒன்று ஏறும்போது இன்னொன்றை இறக்குவார்கள். மொத்தச் சத்தம் அவ்வளவாகக் குறையாது, நிறம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும், தண்ணீருக்கு மேல் வெயில் அசைவது போல. பின்னால் எப்போதாவது புதிதாக வாங்குவதாக இருந்தால் இந்த மூன்றும் உள்ள பெடலாகப் பார். ஸ்ட்ரைமன் ஃப்ளின்ட்டில் மூன்றும் இருக்கின்றன, ரிவர்பும் சேர்ந்தே வருகிறது. விலை அதிகம், அவசரமே இல்லை. எதை வாங்கினாலும் சத்தத்துக்கென்று தனித் திருகு இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. அது இருந்தால் உன் புலம்பல் பாதி தீர்ந்துவிடும்.

இரண்டு வாரம் முன்பு பல்போவா பக்கம் போயிருந்தேன், இங்கிருந்து பக்கம்தான். 1961இல் டிக் டேல் வாசித்த ரான்டேவூ பால்ரூம் என்ற நடன அரங்கு கடலை ஒட்டி நின்ற இடம். 1928இல் கட்டியது, 1966இல் எரிந்துபோய்விட்டது. இப்போது வீடுகள், ஒரு நினைவுப் பலகை, அவ்வளவுதான். ஃபெண்டர் தொழிற்சாலை இருந்த ஃபுல்லர்டன் அங்கிருந்து நேர்கோட்டில் 30 கிலோமீட்டர்தான். செய்தவரும் வாசித்தவரும் இவ்வளவு பக்கத்தில் இருந்ததால்தான் அந்த ஒலி வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. டிக் டேல் சத்தம் போதவில்லை போதவில்லை என்று கேட்கக் கேட்க, ஃபெண்டர் 100 வாட், 15 அங்குல ஸ்பீக்கர் வரை கொண்டுபோனார். அந்தப் பலகைக்கு முன்னால் காற்றில் நின்றேன். அலைச் சத்தம் இடது காதில் முழுதாகவும் வலது காதில் ஙீ சத்தத்துக்குப் பின்னாலிருந்தும் கேட்டது. அந்த 100 வாட்டை நினைத்து எனக்கு அன்று சந்தோஷம் வரவில்லை.

அதனால் இதைக் கேட்டுக்கொள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உங்கள் சர்ச்சில் ஸ்பீக்கர் பாக்ஸ் உன் தலைக்கு நேராக நிற்கிறது. போன கிறிஸ்துமஸ் வீடியோவில் பார்த்தேன். டாக்டர் எனக்குச் சொன்ன கணக்கு இது: 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது. 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். உங்கள் பாடல் வேளை எவ்வளவு நேரம்? அந்தப் பெட்டியை நகர்த்தச் சொல். நகர்த்தாவிட்டால் நீ நகர். காதுக்கு அடைப்பான் வாங்கி வை, நானும் இங்கிருந்து இரண்டு ஜோடி ஷீலாவின் தம்பி கையில் கொடுத்தனுப்புகிறேன். பெடல் மிதித்தால் சத்தம் குறைகிறது என்பதற்காக ஆம்பைக் கூட்டாதே. டெப்த்தைக் குறை.

நாங்கள் இப்போது கராஜ் கதவைத் திறந்து வைத்துத்தான் வாசிக்கிறோம், டிரம்மர் குச்சியை விட்டுப் பிரஷ்ஷுக்கு மாறியிருக்கிறார். மெதுவான மெட்டு ஒன்று போட்டிருக்கிறேன். ஏ மைனர், எஃப், டி மைனர், ஈ. இரண்டாவது சுற்றில் ஒரு இடம் வெறுமையாக இருக்கிறது. அங்கே உன் கைதான் வேண்டும், வேறு யாரையும் போட மனசில்லை.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் போனபிறகு, மிக்சரை அணைத்துவிட்டு, ரிவர்பை முன்னாலும் ட்ரெமலோவைப் பின்னாலும் செருகி, அந்த ஏ மைனரை ஒரே ஒரு தடவை அடித்து விடு. வால் முழுதும் தேய்கிற வரை போனை நிறுத்தாமல் பதிவு செய்து அனுப்பு. இடது காதில் வைத்துக் கேட்கிறேன்.

உன்,
கலா