மூன்று நகல் எங்கே இருக்கும் என்று கேளுங்கள்: டெண்டர் எழுதும் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் அரசுத் துறைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மாநகராட்சிகளிலும் கிளவுட் சேமிப்புக்கு டெண்டர் தயாரிக்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

சேமிப்பகப் பொறியாளராக வேலை பார்ப்பதால் இப்படிப்பட்ட டெண்டர் ஆவணங்களை விடாமல் படிப்பவன் நான். சேமிப்பு பற்றிய பகுதியில் பல சமயம் இரண்டே வரிதான் இருக்கிறது: தரவுக்கு மூன்று நகல் வேண்டும், சேவை 99.9 சதவீத நேரம் கிடைக்க வேண்டும். விலைப்பட்டியலில் இருப்பதிலேயே மலிவான திட்டம் இந்த இரண்டையும் நிறைவேற்றிவிடும். ஆனால் ஒரு நகரத்தின் தரவு மையங்கள் மொத்தமாக நின்றுபோனால் உங்கள் ஆவணங்கள் என்ன ஆகும் என்பதற்கு அந்த இரண்டு வரியிலும் பதில் கிடையாது. அடுத்த டெண்டரில் அந்தப் பதிலை எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவில் நடந்ததை நீங்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். டேஜான் நகரில் அந்நாட்டு அரசின் தரவு மையம் இருக்கிறது. யுபிஎஸ் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்தபோது அங்கே தீப்பிடித்தது. 709 அரசுச் சேவைகள் நின்றன (முதலில் 647 என்று அறிவித்தார்கள்). அவற்றில் 96 சேவைகளின் கருவிகள் நேரடியாகவே எரிந்தன. அந்த 96-இல் ஒன்று ஜி-டிரைவ். அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளை மேசைக் கணினியில் வைக்காமல் இதில் வையுங்கள் என்று அரசே சொல்லி வந்த சேமிப்பு அது. ஆளுக்கு 30 ஜிபி இடம் கொடுத்திருந்தார்கள். 858 டெராபைட் தரவு சாம்பலானது. வெளியே எங்கும் பேக்கப் இல்லை. அளவு மிகப் பெரியது, அதனால்தான் வெளியே பேக்கப் எடுக்கவில்லை என்பது அதிகாரிகள் சொன்ன காரணம். குவாங்ஜூ, டேகு என்ற வேறு நகரங்களிலும் அந்த மையத்தை நடத்தும் அரசு நிறுவனத்துக்கே மையங்கள் இருந்தன. ஆகவே இடம் இல்லாமல் போகவில்லை. எந்தத் தரவு இரண்டாவது ஊருக்கும் போக வேண்டும் என்று உட்கார்ந்து முடிவெடுக்கப்படவில்லை என்பதே இதில் நான் படிக்கும் பாடம்.

நம் ஊருக்கு வருவோம். மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஸூரை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்குச் சென்னையிலேயே ஒரு ரீஜன், அதாவது ஒரே பகுதியில் உள்ள தரவு மையத் தொகுதி, இருக்கிறது. 'சவுத் இந்தியா' என்று அதற்குப் பெயர். நம் தரவு நம் ஊரில் இருக்கட்டும் என்று அதைத் தேர்ந்தெடுப்பது இயல்புதான். அங்கே எல்ஆர்எஸ் என்ற அடிப்படைத் திட்டத்தை வாங்கினால் மூன்று நகல் உண்டு. மூன்றும் ஒரே இடத்துத் தரவு மையத்தில் இருக்கும். ஒரு வட்டு பழுதானால், சர்வர்கள் அடுக்கிய ஒரு ரேக்கில் மின்சாரம் போனால், இந்த மூன்று நகல் காப்பாற்றும். கட்டடத்துக்குள் தண்ணீர் வந்தால் காப்பாற்றாது. ஆவணத்தில் 'பதினொரு ஒன்பது', அதாவது 99.999999999 என்று ஒரு நீளமான சதவீதம் போட்டிருப்பார்கள். அது ஓர் ஆண்டில் கோப்பு அழியாமல் இருப்பதற்கான கணக்கு. நாளைக் காலை பத்து மணிக்கு அந்தக் கோப்பு திறக்குமா என்பது வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாகப் படித்துவிடாதீர்கள்.

அடுத்தது இசட்ஆர்எஸ். ஒரே ரீஜனுக்குள், தனித்தனி மின்சாரமும் குளிரூட்டலும் உள்ள மூன்று சோன்களில் நகல் வைப்பது. நல்ல திட்டம், விலையும் எல்ஆர்எஸ்ஸைவிட ஓரளவுதான் கூடுதல். ஆனால் அஸூரின் சென்னை ரீஜனில் சோன்கள் இல்லை. அதே நிறுவனத்தின் புனே ரீஜனில் உண்டு. டெண்டரில் 'சென்னை' என்றும் 'மூன்று சோன்' என்றும் சேர்த்து எழுதினால் அஸூரில் அதை யாராலும் தர முடியாது. இன்னொன்று, ஆர்க்கைவ் என்ற மலிவான நீண்டகாலச் சேமிப்பு இசட்ஆர்எஸ்ஸில் கிடைக்காது. பழைய கோப்புகளை ஸ்கேன் செய்து அதில் போடத் திட்டமிடும் துறைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

சோன் இருந்தாலும் ஊர் ஒன்றுதான். 2023 ஏப்ரலில் பாரிஸில் கூகுள் கிளவுட் இருந்த ஒரு தரவு மையத்தில் குளிரூட்டும் தண்ணீர் கசிந்து பேட்டரி அறைக்குள் போய்த் தீப்பிடித்தது. பாதிக்கப்பட்டது ஒரு சோன்தான், ஆனாலும் தொடக்கத்தில் அந்த ரீஜன் முழுவதும் தடுமாறியது. சென்னையில் நாம் பார்த்தது இதைவிடப் பெரிது: 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் 12 வர்தா, 2023 டிசம்பர் மிக்ஜாம். நகரத்தின் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போன நாட்கள் அவை. அம்பத்தூரில் ஒரு நகலும் சிறுசேரியில் ஒரு நகலும் வைத்தால் இரண்டும் ஒரே புயலில் நனையும்.

ஆகவே அழிந்தால் திரும்ப உருவாக்க முடியாத தரவுக்கு இன்னொரு ஊர் கட்டாயம். அஸூரில் இதற்கு ஜிஆர்எஸ் என்று பெயர். சென்னையில் மூன்று நகல், இணை ரீஜனான புனேயில் மூன்று நகல். அமேசானில் மும்பையும் ஹைதராபாத்தும், கூகுளில் மும்பையும் டெல்லியும் இருக்கின்றன. அங்கேயும் இரண்டாவது நகலை நாட்டுக்குள்ளேயே வைக்கலாம். பணப் பரிவர்த்தனைத் தரவு இந்தியாவில்தான் சேமிக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே உத்தரவு போட்டிருப்பதால், கட்டணம் வசூலிக்கும் துறைகள் சிங்கப்பூரை நினைக்கவே வேண்டாம்.

இனி நான் சொல்வதை விற்பனைக்கு வருபவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். இரண்டாவது ஊருக்கு நகல் பின்னால்தான் போகிறது. சென்னையில் எழுதி முடித்தவுடன் 'சேமிக்கப்பட்டது' என்று பதில் வந்துவிடும். புனேக்குப் போவது அதற்கப்புறம். வழக்கமாகப் பதினைந்து நிமிடத்துக்குள் போய்விடும் என்கிறார்கள், ஆனால் சாதாரண ஜிஆர்எஸ்ஸில் அதற்கு ஒப்பந்த உத்தரவாதம் இல்லை. அந்த இடைவெளியில் சென்னை நின்றால், கடைசியாகப் பதிவானவை புனேயில் இருக்காது. எதுவரை போய்ச் சேர்ந்தது என்பதை 'லாஸ்ட் சிங்க் டைம்' என்ற குறிப்பு காட்டும். அதைத் தினமும் யார் பார்ப்பது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும்.

அப்புறம், புனேக்கு மாறச் சொல்லி யார் முடிவெடுப்பது? 2018 செப்டம்பர் 4 அன்று டெக்சாஸின் சான் அன்டோனியோ பக்கம் இடி மின்னலால் மைக்ரோசாஃப்டின் ஒரு தரவு மையத்தில் குளிரூட்டல் செயலிழந்தது. இரண்டாவது ரீஜனில் நகல் தயாராக இருந்தது. ஆனாலும் சேமிப்பை அங்கே மாற்றவில்லை. மாற்றினால் கடைசி நேரத் தரவு போய்விடும், பொறுத்திருந்தால் முழுதாக மீட்கலாம் என்று முடிவெடுத்தார்கள். அங்கே இருந்த விஷுவல் ஸ்டுடியோ டீம் சர்வீசஸ் என்ற மென்பொருள் உருவாக்குவோருக்கான சேவையின் வாடிக்கையாளர்கள் இருபது மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தார்கள். அந்த முடிவை நான் குறை சொல்லவில்லை. தரவு முக்கியமா, நேரம் முக்கியமா என்ற கேள்விக்கு அவர்கள் தங்கள் பதிலைச் சொன்னார்கள். உங்கள் துறையின் பதில் வேறாக இருக்கலாம். கலந்தாய்வு நடக்கும் வாரத்தில் தேர்வு மதிப்பெண்களை மக்கள் பார்த்தே ஆக வேண்டும். பத்து நிமிடத் திருத்தங்கள் விடுபட்டாலும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். பத்திரப் பதிவில் அப்படி இல்லை. ஒரு பதிவு காணாமல் போவதைவிட அலுவலகம் ஒருநாள் மூடியிருப்பது மேல். இப்போது வாடிக்கையாளரே ஃபெயில்ஓவர் செய்ய, அதாவது இரண்டாவது ஊருக்குச் சேமிப்பை மாற்ற, வழி இருக்கிறது. அதனால் அந்தப் பொத்தானை அழுத்தும் அதிகாரம் எந்தப் பதவிக்கு, அவர் ஊரில் இல்லாவிட்டால் யாருக்கு, எத்தனை மணி நேரம் பொறுத்தபின் என்பதெல்லாம் இப்போதே எழுதிவைக்கப்பட வேண்டும். அவசரமாக மாற்றியபின் அந்தக் கணக்கு புனேயில் எல்ஆர்எஸ்ஸாகத்தான் நிற்கும். மறுபடி இரண்டு ஊர் ஆக்க முழுத் தரவையும் திரும்ப நகலெடுக்க வேண்டும், அதற்குத் தனிச் செலவு உண்டு.

மக்கள் படிக்க மட்டுமே செய்யும் ஆவணங்களுக்கு என் பரிந்துரை ஆர்ஏ-ஜிஆர்எஸ். சாதாரண ஜிஆர்எஸ்ஸில் இரண்டாவது நகலை ஃபெயில்ஓவர் வரை திறந்து பார்க்க முடியாது. இதில் எப்போதும் படிக்கலாம். இரண்டாவது முகவரியிலிருந்தும் படிக்கும்படி இணையதளம் எழுதப்பட்டிருந்தால், சென்னை நின்றாலும் பிறப்புச் சான்றிதழும் நில வரைபடமும் புனேயிலிருந்து திறக்கும், யாரும் எதையும் அழுத்த வேண்டியதில்லை. ஆனால் அந்த இணையதளத்தை ஓட்டும் சர்வரும், உள்நுழைவுச் சேவையும், மறையாக்கச் சாவியும் சென்னையில் மட்டும் இருந்தால் புனேயில் நகல் இருந்து பயனில்லை. 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் வர்ஜீனியா ரீஜனில் எந்தக் கட்டடமும் எரியவில்லை. ஒரு தரவுத்தளச் சேவை இணையத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு தவறிப்போனதில் உலகம் முழுவதும் செயலிகள் நின்றன.

இரண்டு ஊர் நகலை பேக்கப் என்று எண்ணிவிடாதீர்கள். தவறுதலாக அழித்தால் இரண்டு ஊரிலும் அழியும். வைரஸ் பூட்டினால், பூட்டிய கோப்புதான் புனேக்கும் போகும். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் கிளவுடைத் தாக்கிய ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்), இணைப்பில் இருந்த பேக்கப்பையும் சேர்த்துப் பூட்டியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அரசு மின்னஞ்சல்கள் திரும்பவில்லை. எனவே குறிப்பிட்ட காலத்துக்கு யாராலும் அழிக்கவோ மாற்றவோ முடியாத ஒரு நகல், வேறு கணக்கில், வேறு கடவுச்சொல்லோடு, தனியாக இருக்க வேண்டும்.

செலவு கூடும் என்பது உண்மை. ஜிஆர்எஸ் ஏறக்குறைய இரட்டிப்பு விலை, நகல் போகும் வழிக்கும் கட்டணம். அதனால்தான் எல்லாவற்றுக்கும் ஒரே திட்டம் வாங்காதீர்கள் என்கிறேன். கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் எல்ஆர்எஸ்ஸில் இருக்கட்டும். அழிந்தால் திரும்பாத பதிவேடுகளும் ஓலைச்சுவடிப் படங்களும் இரண்டு ஊரில் இருக்கட்டும். தரவை இப்படிப் பிரிக்கும் வேலை விற்பனையாளருடையது அல்ல. எது போனால் ஒரு குடும்பம் மறுபடி அலைய வேண்டிவரும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னை நகலை நிறுத்திவைத்துவிட்டு இரண்டாவது ஊரிலிருந்து ஒரு சான்றிதழையாவது எடுத்துக்காட்ட வேண்டும், காட்டாவிட்டால் அந்தக் காலாண்டுத் தொகை கிடையாது என்ற நிபந்தனையை அடுத்த டெண்டரில் சேருங்கள். டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் இதற்கு எதிர்ப்பு வரும். விட்டுக்கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
ஒரு சேமிப்பகப் பொறியாளர்