இரண்டு தீயையும் காட்டுங்கள்

‘ஷுய்ஹூ ஜுவான்’ என்ற பழைய சீன நாவலை அடுத்துத் தொலைக்காட்சித் தொடராக எடுக்கப்போகும் திரைக்கதைக் குழுவினருக்கு,

வணக்கம்.

நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் இந்த மடலை வாங்கிக்கொள்ள யாராவது இருப்பீர்கள் என்ற நம்பிக்கை உண்டு. இந்த நாவலை ஒரு தலைமுறைகூடச் சும்மா விட்டுவைத்ததில்லை. 1973-இல் ஜப்பானியர்கள் 26 பகுதிகளில் எடுத்தார்கள். பிபிசி அதற்கு ஆங்கிலக் குரல் கொடுத்து பிரிட்டனில் ஓட்டியது. எண்பதுகளில் சீனாவின் ஷான்டோங் மாகாணத் தொலைக்காட்சி, தன் மண்ணின் கதை என்ற உரிமையோடு எடுத்தது. 1998-இல் சீன மத்தியத் தொலைக்காட்சி 43 பகுதிகள், 2011-இல் இன்னொரு தொடர் 86 பகுதிகள். அடுத்தது உங்கள் முறை.

நான் சிங்கப்பூர்த் தமிழன். சீன எழுத்தில் என் பேட்டையின் பெயரைத் தவிர வேறொன்றும் வாசிக்கத் தெரியாது. 1998 தொடரை வட்டு வட்டாக இரவல் வாங்கி, ஆங்கில வசன வரிகளைத் துரத்திக்கொண்டே பார்த்து முடித்தேன். லீ ஷுவேஜியன் நடித்த சொங் ஜியாங்கின் வளைந்த முதுகும், லியூ ஹுவான் தொண்டை கிழியப் பாடிய தொடரின் பாடலும் இன்னும் நினைவில் இருக்கின்றன. நாவலின் நூறு அத்தியாய ஆங்கில மொழிபெயர்ப்பு கைக்கு வந்தது அதற்கும் பல ஆண்டுகள் கழித்துத்தான். படித்து முடித்தபோது, இத்தனை நாள் எனக்குப் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றியது. அந்த மற்றப் பாதிக்காகத்தான் எழுதுகிறேன்.

இந்த நாவலைப் பற்றி உங்கள் நாட்டில் நடக்கும் பெரிய வழக்கு எனக்கும் தெரியும். சதுப்பு நிலத்துக் கொள்ளைக்காரர்களின் தலைவன் சொங் ஜியாங், பேரரசரின் மன்னிப்பை ஏற்று அரசுப் படையில் சேர்ந்தது சரியா, தவறா? பதினேழாம் நூற்றாண்டில் விமர்சகர் ஜின் ஷெங்டான் அந்தச் சரணாகதியே வேண்டாம் என்று நாவலை எழுபதாவது அத்தியாயத்தோடு வெட்டிவிட்டார். மிங் அரசவை 1642-இல் புத்தகத்தையே தடை செய்தது. 1975-இல் மாவோ இதை வைத்து ஓர் அரசியல் இயக்கத்தையே நடத்தினார். வழக்கு இன்னும் முடியவில்லை, முடியவும் வேண்டாம். என் குறை வேறு: இந்த ஒரு வழக்கில் எல்லோரும் மும்முரமாக இருந்ததில், சரணடைவதற்கு முன்பு இந்தக் கொள்ளைக்காரர்கள் 108 பேர் எப்படி ஒன்றுசேர்ந்தார்கள் என்பதைக் கேட்க யாருக்கும் நேரமில்லாமல் போய்விட்டது.

‘லியாங்ஷானுக்கு (அந்தக் கொள்ளைக்காரர்களின் மலைக்கு) விரட்டப்பட்டான்’ என்பது உங்கள் மொழியில் பழமொழியாகவே ஆகிவிட்டது. நல்லவன் ஒருவனுக்குப் போக்கிடம் இல்லாமல் செய்து கொள்ளைக்காரனாக்கிவிடுவது. இதற்கு ஆதாரமாக எல்லோரும் காட்டும் ஆள் லின் சுங். அரசப் படைகளின் பயிற்றுநர். படைத்தலைவர் காவ் சியூவின் வளர்ப்பு மகன் லின் சுங்கின் மனைவிமேல் கண் வைக்கிறான். லின் சுங் பொய்க் குற்றத்தில் முகத்தில் பச்சை குத்தப்பட்டு நாடு கடத்தப்படுகிறான். குளிர்காலம். படைக்குதிரைகளின் தீவனக் கிடங்கைக் காவல் காக்கும் வேலை. ஈட்டி முனையில் சுரைக் குடுவையைத் தொங்கவிட்டுக்கொண்டு மது வாங்கப் போகிறான். திரும்பி வந்தால் பனியின் கனம் தாங்காமல் அவன் குடிசை சரிந்துகிடக்கிறது. பக்கத்து மலைத்தெய்வக் கோயிலில் ஒதுங்கி, கதவுக்குப் பெரிய கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, ஆறிப்போன மதுவையும் மாட்டிறைச்சியையும் சாப்பிடுகிறான். வெளியே படபடவென்று சத்தம். கிடங்கு எரிகிறது. அணைக்க ஓடலாம் என்று கதவருகே போகும்போது வாசலில் மூன்று பேர் பேசிக்கொள்வது கேட்கிறது. அதில் ஒருவன் அவனுடைய பழைய நண்பன். எரிந்த எலும்பு ஒன்றிரண்டைப் பொறுக்கிக்கொண்டு போனால் தலைநகரில் காட்டலாம், நாமும் காரியக்காரர்கள் என்று அவர்களுக்குத் தெரியட்டும் என்கிறது ஒரு குரல்.

உலகத்தில் யார் எடுத்தாலும் இந்தக் காட்சி கெடாது. பனி, தீ, கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு காது. நீங்களும் எடுப்பீர்கள், நன்றாகவே எடுப்பீர்கள். அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

என் கவலை அடுத்த தீயைப் பற்றியது. முப்பத்து நான்காவது அத்தியாயம். சிங்ஜோ நகரின் தளபதி சின் மிங் கொள்ளைக்காரர்களிடம் சிறைப்படுகிறான். அவர்கள் அவிழ்த்துவிடுகிறார்கள், வணங்குகிறார்கள், எங்களோடு சேர்ந்துகொள்ளுங்கள் என்கிறார்கள். முடியாது, வாழ்ந்தால் சொங் வம்சத்து அரசின் ஆள், செத்தால் அந்த அரசின் ஆவி என்கிறான் அவன். சரி, இன்று இரவு குடித்துவிட்டுக் காலையில் போங்கள் என்கிறார்கள். அவன் தூங்கும்போது அவனுடைய கவசத்தை இன்னொருவனுக்கு மாட்டி, அவன் குதிரையில் ஏற்றி, சிங்ஜோ கோட்டைக்கு வெளியே உள்ள குடியிருப்புகளைக் கொளுத்த அனுப்புகிறார்கள். காலையில் சின் மிங் ஊர் திரும்புகிறான். நூற்றுக்கணக்கான வீடுகள் இருந்த இடத்தில் இடிபாடும் கருகிய உடல்களும் கிடக்கின்றன. கோட்டைக் கதவு திறக்கவில்லை. மதில்மேல் நிற்கும் ஆளுநர் துரோகி என்று ஏசுகிறார். பிறகு ஓர் ஈட்டியை உயர்த்துகிறார்கள். ஈட்டியின் முனையில் சின் மிங்கின் மனைவியின் தலை.

இந்தச் சூழ்ச்சியைச் செய்தது காவ் சியூ அல்ல. கதாநாயகன் சொங் ஜியாங். அவனே சின் மிங்கிடம் அதை ஒப்புக்கொள்கிறான்: நீங்கள் தங்க மறுத்ததால் இப்படிச் செய்ய வேண்டியதாயிற்று, மன்னியுங்கள். அதோடு நிற்கவில்லை. மனைவி போய்விட்டார், நம் நண்பன் ஹுவா ரொங்குக்கு ஒரு தங்கை இருக்கிறாள், அவளை மணம் முடித்து வைக்கிறேன் என்கிறான். சின் மிங் யோசிக்கிறான். விதி என்று ஒன்று, இத்தனை மரியாதை காட்டுகிறார்கள் என்று ஒன்று, சண்டை போட்டால் ஜெயிக்க முடியாது என்று ஒன்று, கோபத்தை விழுங்கிக்கொள்கிறான்.

இரண்டு தீயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றை வைத்தது அரசு, மற்றொன்றை வைத்தது அரசை எதிர்ப்பவர்கள். முறை ஒன்றேதான்: ஒருவனுக்குத் திரும்பிப் போக இடம் இல்லாமல் செய்துவிடுவது. நாவலை எழுதியவருக்கு (ஷி நாய்ஆன் என்கிறார்கள், அதிலும் வழக்கு உண்டு) இந்த ஒற்றுமை தெரியாமலா இருந்திருக்கும்? முதல் தீயைப் படமாக்க உங்கள் முன்னோர் கொடுத்த நேரத்தையும் பொறுமையையும் இரண்டாவதற்கும் கொடுத்து, அது என் நினைவில் நிற்கும்படி எடுத்தவர் யாருமில்லை.

ஜு தொங்கின் கதையும் அப்படித்தான். நண்பனைத் தப்பவிட்டதற்காக நாடு கடத்தப்பட்டவன். நீண்ட அழகான தாடி. அங்குள்ள ஆளுநரின் நான்கு வயது மகனுக்கு அந்தத் தாடிக்காரன்தான் தூக்க வேண்டும், வேறு யாரும் கூடாது. ஏழாம் மாதப் பதினைந்தாம் நாள் இரவு, இறந்தவர்களுக்காக நீரில் விளக்கு விடும் விழாவுக்குப் பையனைத் தோளில் ஏற்றிக்கொண்டு போகிறான். (எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழும் அந்த மாதத்தில் காகிதம் எரியும், ஊதுவத்திப் புகை படியேறி வரும். இந்த அத்தியாயத்தைப் படித்த பிறகு அந்த மாதம் எனக்குப் பழைய மாதமாக இல்லை.) லியாங்ஷான் ஆட்கள் ஜு தொங்கைப் பேச்சுக்கென்று தனியே அழைக்கிறார்கள். திரும்பி வந்தால் பையன் இல்லை. தேடிக்கொண்டு ஊருக்கு வெளியே போனால் அங்கே லியாங்ஷான் ஆள் லீ குய் நிற்கிறான். குழந்தை எங்கே? லீ குய் தன் தலையைக் காட்டுகிறான். பையனின் தலைமுடியில் கட்டியிருந்த நாடா இவன் தலையில் இருக்கிறது. காட்டுக்குள் தூங்குகிறான், போய்ப் பார் என்கிறான். நிலா வெளிச்சத்தில் ஜு தொங் போய்ப் பார்க்கிறான்.

தணிக்கை அனுமதிக்காது என்று நீங்கள் சொல்வீர்கள். கொலையைக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. நாவலாசிரியரே அந்தக் கொலையைக் காட்டவில்லை. காட்டியது நாடாவை மட்டும். ஒரு கஜம் நாடாவை எந்தத் தணிக்கைக் குழு வெட்டும்? இரத்தம் காட்டாமல் நெஞ்சை நடுங்க வைக்கும் வித்தையை உங்கள் பழைய கதைசொல்லிகள் எழுதியே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 108 பேரில் இன்னொருவனான வூ சொங் மாடியில் ஏறிப் பழிவாங்கும் இரவையும் பாருங்கள். பகைவர்களோடு, ஒரு பாவமும் அறியாத பணிப்பெண்களும் அதில் சாகிறார்கள். ஒரு கட்டத்தில் கத்தி இறங்க மறுக்கிறது. நிலா வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறான், முனை முழுக்கப் பல்லுப் பல்லாகப் போயிருக்கிறது. அதுதானா என்று சொல்லிவிட்டு வேறு ஆயுதம் எடுக்கப் போகிறான். புலியைக் கொன்ற வீரனைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதலாம். அந்தக் கத்தி முனையைப் பார்க்கும் பார்வை சொல்லும் அளவுக்குச் சொல்ல முடியாது.

ஹூ சான்னியாங்கைப் பற்றி ஒரு வேண்டுகோள் மட்டும். 108 பேரில் மூன்றே பெண்கள், அவர்களில் போர்க்களத்தில் முதல் வரிசைக்காரி இவள். இவளுடைய குடும்பம் லியாங்ஷானோடு சமாதானம் பேசிப் பணிந்த பிறகும் லீ குய் வீடு புகுந்து வெட்டிச் சாய்க்கிறான். சொங் ஜியாங் அவனைத் திட்டுவதோடு சரி. பிறகு, பெண் பார்த்துத் தருவதாக என்றோ வாக்குக் கொடுத்திருந்த தன் கூட்டத்து வாங் யிங்குக்கு இவளைக் கட்டிவைக்கிறான். அந்த இடத்தில் அவள் வாயிலிருந்து ஒரு சொல் இல்லை. தயவுசெய்து அவளுக்கு வசனம் எழுதாதீர்கள். வாங் யிங்மேல் மெல்ல மெல்லக் காதல் வரவழைக்காதீர்கள். அந்த மௌனத்தை நிரப்புவதற்குத்தான் உங்கள் கை துறுதுறுக்கும், எனக்குத் தெரியும்.

நேரம் போதாது என்றால் வெட்டுவதற்கு வேண்டிய மட்டும் இருக்கிறது. லியாவ் நாட்டுப் படையெடுப்பை வெட்டுங்கள். டியான் ஹூ, வாங் சிங் என்ற கலகக்காரர்கள் மீதான படையெடுப்புகள் 120 அத்தியாயப் பதிப்பில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவைதாமே, அவற்றையும் வெட்டுங்கள். வியூகம் வகுத்து வியூகம் உடைக்கும் பக்கங்கள் போனால் ஒருவரும் அழமாட்டார்கள். வீரர்களைக் கறைப்படுத்தினால் நேயர்கள் விலகிவிடுவார்கள் என்று முதலாளிகள் பயமுறுத்துவார்கள். எனக்கோ, மனைவியின் தலையைப் பார்த்த சின் மிங் அதே சொங் ஜியாங்குக்காக ஆயுதமெடுத்துப் போகும்போதுதான் கதையைக் கீழே வைக்க முடியாமல் போயிற்று. ஏன் போகிறான்? நாவல் மூன்று காரணம் சொல்கிறது. மூன்றும் போதவில்லை. அந்தப் போதாமையை நடித்துக் காட்டும் ஒரு நடிகர் உங்கள் நாட்டில் இல்லாமலா போவார்?

கடைசியாக, எழுபத்தொன்றாம் அத்தியாயம். வானத்திலிருந்து இறங்கிய கல்லில் 108 பெயர்களும் வரிசையாக எழுதியிருக்கின்றன. எல்லோரும் அவரவர் இடத்தில் அமர்கிறார்கள். முரசு, கொடி, பலி, உறுதிமொழி என்று எல்லாத் தொடர்களும் இங்கே தடபுடல் செய்யும். நீங்கள் முரசை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, கேமராவை வரிசையோடு மெதுவாக நகர்த்துங்கள். ஏழாவது இருக்கையில் சின் மிங். பன்னிரண்டாவதில் ஜு தொங். லீ குய் இருக்கும் மலையில் செத்தாலும் கால் வைக்கமாட்டேன் என்று ஒருநாள் சொன்னவன். இருபத்திரண்டாவதில் அந்த லீ குய். இன்னும் வெகுதூரம் தள்ளி ஐம்பத்தெட்டாவதில் வாங் யிங், ஐம்பத்தொன்பதாவதில் அவன் மனைவி ஹூ சான்னியாங். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்களா, இல்லையா என்பதை மட்டும் காட்டுங்கள்.

இப்படிக்கு,
சிங்கப்பூரிலிருந்து ஒரு தமிழ் நேயர்